தோட்டத்துக் குட்டைக்கரை: போடுவதும் காப்பதும்

மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தை மறித்து ஒரு கரை போடலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கரைக்குக் கீழே யார் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது? எவ்வளவு தண்ணீர் நிற்கும், எத்தனை கிணறு ஊறும் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் பொதுப்பணித்துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரைகளில் நடந்தே காலம் போனது. இப்போது குண்டடம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வாய்க்கால் தண்ணீர் எட்டாத காடுகளில் (மேட்டு நிலங்களை இங்கே காடு என்போம்) சொந்தக் காசைப் போட்டுக் குட்டை கட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கிணறு ஊறுகிறது, பட்டி ஆடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் நிற்கிறது. அதனால் கட்டாதே என்று யாரையும் நான் தடுப்பதில்லை. ஆனால் ஜேசிபிக்காரர் மணிக் கணக்குக்கு வந்து, பள்ளத்து மண்ணையே வாரிக் குவித்து, மேலே நாலு தடவை ஓட்டிவிட்டு "கரை ஆச்சுங்க" என்று கிளம்புவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இங்கே எழுதுவது பட்டா நிலத்தில் சின்னப் பள்ளத்துக்குக் குறுக்கே போடும் மண்கரைக்கு மட்டும். உயரம் பத்து, பன்னிரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனாலும், கீழே வீடுகள் இருந்தாலும் படித்த பொறியாளரை வைத்துத்தான் கட்ட வேண்டும். தரையைத் தோண்டி எடுக்கும் பண்ணைக்குட்டை வேறு கதை. அதில் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, உடைந்து ஓட இடமில்லை.

யார் பொறுப்பு

2021-ல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் வரும். மூன்று மீட்டர் குட்டைக்கரை எதிலும் வராது. ஆகவே உங்கள் கரையைப் பார்த்து "இது சரியில்லை" என்று எழுதிக் கொடுக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. கரைக்குச் சொந்தக்காரர்தான் அதற்கு லஸ்கர் (கரைக் காவலாள்), பணி ஆய்வாளர், செயற்பொறியாளர் எல்லாம்.

உடைந்தால் வழக்கு உண்டு. பழைய தீர்ப்பு ஒன்று இதில் அடிக்கடி பேசப்படும். காரவேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனிக்குச் சேதம் ஆயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1874-ல் முடிந்தது. ஜெயித்தவர் ஜமீன்தார். அந்த ஏரிகள் காலங்காலமாக ஊருக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்டப்படவில்லை என்பது காரணம். போன மாசம் உங்கள் கிணறு ஊறுவதற்காக நீங்கள் போட்ட கரைக்கும் இதே தயவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. கிரயப் பத்திரத்தை மட்டும் நம்பாமல் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓடும் பள்ளம் பெரும்பாலும் ஓடைப் புறம்போக்கு என்றுதான் இருக்கும். இரண்டு பக்கமும் உங்கள் காடாகவே இருந்தாலும் அதை மறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேளாண் பொறியியல் துறையில் கேட்டு, முறைப்படி தடுப்பணையாகப் போட வழி உண்டா என்று பார்க்கலாம்.

சின்னக் குட்டைதானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு ஏக்கர் பரப்பு, கரையோரம் ஒன்பது அடி ஆழம். பள்ளம் மேலே போகப்போக ஆழம் குறையும் என்பதால் பரப்பை ஆழத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் உத்தேசமாகச் சரிவரும்: 6 ஏக்கர் அடி. லிட்டரில் சுமார் 74 லட்சம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியாகப் பார்த்தால் அறுநூறு லாரிக்கு மேல். கரை உடைந்தால் அத்தனையும் ஒரே பள்ளத்தில் சில நிமிஷத்தில் இறங்கும்.

கலிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

மண்கரை உடைவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிந்து வெளிச்சரிவை அரிப்பது ஒன்று. கரைக்குள்ளேயோ அடியிலோ ஊர்ந்து மண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே கொண்டுபோவது இன்னொன்று. முதலாவதைத் தடுப்பது கலிங்கு, அதாவது குட்டை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக விடும் வழி.

மேலே வழிந்தால் மண்கரை தாங்காது. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் குடகனாற்றின் மேல் கட்டிய அணை 1977 வெள்ளத்தில் அப்படித்தான் போனது. குஜராத்தில் மச்சு ஆற்று இரண்டாம் அணை 1979 ஆகஸ்டில் மண்கரைக்கு மேல் தண்ணீர் ஏறி உடைந்து மோர்பி நகரத்தையே வாரிக்கொண்டு போயிற்று. அரசாங்கம் கட்டி, பொறியாளர்கள் பார்த்துக்கொண்ட அணைகள் அவை.

நம்ம பக்கம் மழை கம்மி, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான், இதில் என்ன வெள்ளம் வரும் என்று கேட்பார்கள். கம்மியாகப் பெய்யும் மழை சீராகப் பெய்வதில்லையே. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பொழுதோட இடியோடு இறங்கினால் ஒரு மணி நேரத்தில் மூன்று அங்குலம் கொட்டிவிடும். ஏற்கெனவே நனைந்த செம்மண் காட்டில் பாதி அப்படியே ஓடி வரும்.

கணக்குப் போட வாத்தியார் வேண்டாம். ஒரு ஏக்கரில் மணிக்கு ஒரு அங்குலம் மழை பெய்து முழுவதும் ஓடினால் விநாடிக்கு ஒரு கன அடி. உங்கள் குட்டைக்குத் தண்ணீர் வடியும் காடு 40 ஏக்கர் என்று வையுங்கள். மணிக்கு மூன்று அங்குலம், அதில் பாதி ஓடும். 40 பெருக்கல் 3, அதில் பாதி: விநாடிக்கு 60 கன அடி. கலிங்கின் மேல் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் ஏறத்தாழ 3 கன அடி போகும். அப்படியானால் 20 அடி அகலக் கலிங்கு வேண்டும். நம் ஊரில் போடுவது ஐந்தடி, ஆறடி. சிலர் கலிங்கே இல்லாமல் இரண்டடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் ஒன்றைக் கரைக்குள் சொருகிவிட்டு "அதுல போயிருமுங்க" என்கிறார்கள். அந்தக் குழாயில் 15 கன அடி போனாலே பெரிது. அதுவும் வாயில் சீமைக்கருவேல முள்ளும் தென்னை மட்டையும் அடைக்காத வரைக்கும்தான்.

வடியும் காடு எத்தனை ஏக்கர் என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துவிட்டு, நல்ல மழை பெய்யும்போது ஒரு தடவை நடந்தும் பாருங்கள். வரைபடத்தில் தெரியாதது நிறைய உண்டு. இட்டேரி (காடுகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) தார்ச்சாலையாக மாறியிருக்கும். காற்றாலைக்குப் போட்ட கிராவல் பாதை, பக்கத்துப் பள்ளத்துக்குப் போக வேண்டிய தண்ணீரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கும். மேலே இன்னொருவர் குட்டை இருந்தால் அது உடைந்து வரும் தண்ணீரும் உங்கள் தலையில்தான். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் போய் அவர் கலிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கலிங்கைக் கரையின் நடுவே வைக்கக் கூடாது. கரை முடிந்து இயற்கையான மேட்டுத்தரை தொடங்கும் ஓரத்தில், வெட்டினால் சுக்காம்பாறை (மக்கிய பாறை) தட்டும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். அப்படிக் கெட்டித்தரை கிடைக்காவிட்டால் கருங்கல் பாவிக் கடைசியில் ஒரு கான்கிரீட் திண்டு. கலிங்குத் தண்ணீர் திரும்பப் பள்ளத்தில் சேரும் இடம் கரையின் வெளியடியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கலிங்கை நன்றாகக் கட்டிவிட்டு அதன் வாலைக் கரை அடிவாரத்தோடு ஓட விட்டால், வழியும் தண்ணீரே கரையைப் பறித்துவிடும்.

கலிங்கு மட்டத்துக்கு மேல் கரையின் உச்சி குறைந்தது மூன்றடி இருக்கட்டும். வெள்ளத்தில் ஒரு அடி வழிந்தாலும் அலைக்கும் அமுங்கலுக்கும் இரண்டடி மிஞ்சும். இந்த மூன்றடியைத்தான் எல்லோரும் வீணாகக் கிடக்கிற இடம் என்று நினைக்கிறார்கள். என் தங்கச்சி மாப்பிள்ளை வழியில் ஒரு பையன் கேட்டான்:

"ஏனுங்க மாமா, கலிங்குல நாலு மூட்டை மண்ணப் போட்டு ஒரு அடி ஏத்துனா ரெண்டு மாசத் தண்ணி கூட நிக்குமுங்களே?"

"தண்ணி நிக்கும் மாப்ளெ. உன்ற கரை நிக்குமான்னு யோசி."

மூட்டையைவிட மோசமானது மீன் வலை. குட்டையில் கட்லா, ரோகு விட்டவர்கள் வழியும் தண்ணீரில் மீன் போய்விடக் கூடாது என்று கலிங்குக்குக் குறுக்கே வலை கட்டுகிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் வலையில் சருகு அப்பிக்கொள்ளும். அதற்கப்புறம் அது சுவர். மீன் போனால் அடுத்த வருஷம் குஞ்சு வாங்கிக்கொள்ளலாம்.

மண்ணும் அடித்தளமும்

மண் பார்க்க மூன்று சோதனை போதும், மூன்றும் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி கடைசியாக. களி நாலில் ஒரு பங்கு இருந்தால் நல்ல கரைமண். அடுத்து, ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பென்சில் முனை கனத்துக்குத் திரியாக்குங்கள். உடனே பொடிந்தால் களி பற்றாது.

மூன்றாவது சோதனையைத்தான் ஒருவரும் செய்வதில்லை. காய்ந்த மண்ணில் கோலிக்குண்டு அளவு கட்டி ஒன்றை எடுத்து, மழைத்தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ உள்ள டம்ளரில் அசைக்காமல் போடுங்கள். போர்த்தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கட்டி சரிந்து அடியில் குவிந்தால் கவலையில்லை. அதைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் தண்ணீர் கலங்கிப் படர்ந்தால் அது தண்ணீரில் தானே கரையும் மண். களர் நிலங்களில் இது உண்டு. எத்தனை ரோலர் ஓட்டினாலும் அந்த மண்ணில் ஒரு நூல் விரிசல் போதும், தண்ணீர் அதை நாளடைவில் குகையாக்கிவிடும். அந்த மண்ணில் கரை போடாதீர்கள்.

கரிசல் மண் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பங்குனி வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதைக் கரையின் வயிற்றுக்குள் வைத்து வெளியே செம்மண் கிராவலை ஒன்றரை, இரண்டடிக்குப் போர்த்த வேண்டும்.

கரை உட்காரும் இடத்தில் மேல்மண், வேர், புல் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். பிறகு கரையின் நடுக்கோட்டில் நீளவாக்கில் ஒரு குழி வெட்டிக் கெட்டித்தரை வரை போய், களிமண்ணால் நிரப்பி இறுக்குங்கள். இந்தப் பூட்டு இல்லாத கரைக்கு அடியில் பள்ளத்து மணல் அப்படியே கிடக்கும், தண்ணீர் அதன் வழியாகப் போகும்.

அளவு: உச்சி எட்டடி அகலம். தண்ணீர்ப் பக்கச் சரிவு, ஒரு அடி உயரத்துக்கு இரண்டரை அடி. வெளிப்பக்கம் இரண்டடி. பத்தடி உயரத்துக்கு அடி அகலம் 53 அடி வரும். ஆழமான இடத்தில் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் மூன்று யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி) மண் வேண்டும், ஏறக்குறைய ஒரு டிப்பர். செலவைக் கேட்டு மயக்கம் வந்தால் உயரத்தைக் குறையுங்கள், சரிவைக் குறைக்காதீர்கள். நான் பார்த்த தனியார் கரைகள் பலவும் சுவர் மாதிரி நிற்கின்றன.

மண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் ஆறேழு முறை ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். களிமண் கலந்ததற்கு ஷீப் ஃபுட் ரோலர் (உருளையில் குமிழ் குமிழாக இருப்பது) நல்லது. ஜேசிபி டயரோ செயினோ ரோலர் ஆகாது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஒரு நாள் காயவிடுங்கள். உச்சியை நடுவில் அரை அடி தூக்கி வையுங்கள், பத்தடி கரை அமுங்குவதற்கு அது ஈடு.

புதுக்கரைக்கு முதல் நிரப்புதான் பரீட்சை. அமெரிக்காவில் டீட்டன் அணை 1976 ஜூனில் முதல்முறை நிரம்பும்போதே உடைந்துவிட்டது. மழையை மெதுவாகப் பெய் என்று நாம் சொல்ல முடியாது. முதல் வருஷம் மட்டும் கலிங்கை இரண்டடி தாழ்வாக வைத்து, கரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வருஷம் கல் வைத்து ஏற்றுங்கள்.

கரைக்குள் குழாய்

என்னைக் கேட்டால் வேண்டாம்.

குழாயின் மேல்பக்கம் மண் இறுகும். அடிப்பக்கம், உருளையின் வளைவுக்குக் கீழே, எந்த ரோலரும் போகாது. அந்த இளகின மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குழாயோடு வெளியே வரும். கரைக்குள் அரிப்பு எடுத்து உடைந்த குட்டைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் குழாய் இருந்த இடத்தில்தான் உடைந்தன. முன்பெல்லாம் குழாயைச் சுற்றி நடுநடுவே கான்கிரீட் வளையம் போடச் சொல்வோம். வளையத்தின் பக்கத்தில் மண் இறுக்குவது இன்னும் கஷ்டம் என்பதால் அந்த முறையைப் பல நாடுகளில் கைவிட்டுவிட்டார்கள். இப்போது சொல்வது மணல் வடிகட்டி: கரையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பகுதியில், குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை அடிக்குக் குறையாமல், நீளவாக்கில் மூன்றடிக்குச் சுத்தமான மணல். அதில் சேரும் தண்ணீர் அடிவாரத்துக்கு வெளியே வடிய வழி இருக்க வேண்டும். மண் அங்கே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் போகும்.

நம் தோட்டங்களில் குட்டை இருப்பது கிணற்றுக்கு ஊறத்தான். நேராகப் பாய்ச்ச வேண்டுமானால் கரைக்கு மேலாக மூன்று அங்குல ஓஸ் போட்டு, தண்ணீர் நிரப்பி, வெளிமுனையைத் தாழ்வாக வைத்தால் மோட்டார் இல்லாமலே இழுத்துக்கொள்ளும். நீர்மட்டத்திலிருந்து கரை உச்சி வரை பதினைந்து, பதினெட்டடிக்குள் இருந்தால் தொந்தரவு இல்லை. கரையைத் துளைக்கவும் வேண்டாம்.

தண்ணீரை இறக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காதீர்கள். சித்திரையில் நாலு மோட்டாரைப் போட்டு இரண்டே நாளில் உறிஞ்சினால், உள்ளே ஊறிய ஈரம் வடிய நேரமில்லாமல் உட்சரிவு வழுக்கிச் சரியும்.

மரம், வளை, புற்று

கரைமேல் மரம் வேண்டாம். வேம்பு, புளி, சீமைக்கருவேலம் எதுவானாலும் சின்னச் செடியிலேயே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் கரையைப் பிளந்துகொண்டு சாயும், பட்டுப்போனால் வேர் மக்கி ஓட்டை விழும். பனையைப் பற்றி என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஏரிக்கரையில் பனை வைத்தது நம் முன்னோர் வழக்கம்தான், அதன் வேர் நார் வேர்தான். ஆனால் ஏரிக்கரை அகலம் வேறு, எட்டடி உச்சியுள்ள குட்டைக்கரை வேறு. பனையைக் கரை அடிவாரத்துக்கு அக்கட்டால இருபதடி தள்ளி நடுங்கள். கரைக்கு அருகம்புல் போதும். வெளிச்சரிவில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசையாக வைக்கலாம். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப்புல்லும் பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு மேய்ந்தால் கெடுதி இல்லை, தண்ணீருக்கு இறங்கும் தடம் மட்டும் ஒரே இடத்தில் குழியாகாமல் கல் பாவிவிடுங்கள்.

2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி பக்கம் திவரே என்ற சின்ன மண் அணை ராத்திரியில் உடைந்து பலர் செத்துப்போனார்கள். நண்டுதான் காரணம் என்று அந்த மாநில அமைச்சர் சொன்னதை வைத்து நாடே சிரித்தது. பராமரிப்பில்லாத அணைக்கு நண்டின்மேல் பழி போட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்காக நண்டு வளை பொய்யாகிவிடாது. நண்டு, பெருச்சாளி, வெள்ளெலி எல்லாமே கரையைத் துளைக்கும். காட்டுப்பன்றி கிழங்குக்காகச் சரிவையே உழுதுவிடும். வளையைக் கண்டால் வாயில் கல்லை வைத்து அடைப்பதால் ஒன்றும் ஆகாது. முடிவு தெரியும் வரை தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து மூட வேண்டும். ஆழமாகப் போனால் களிமண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கரைத்து ஊற்றலாம்.

கரையான் புற்றுக்கும் இதே வைத்தியம்தான். வெளியே தெரிவதைவிட உள்ளே இருக்கும் கூடு பெரிது. வீட்டுப் பெண்கள் பால் ஊற்றிக் கும்பிடும் புற்றாக இருந்தால் பெரியவர்களிடம் கேட்டு, முறைப்படி செய்துவிட்டுத் தோண்டுங்கள். கரை போட்ட உடனேயே மாதம் ஒருமுறை பார்த்து வந்தால் கும்பிடும் அளவுக்குப் புற்று வளராது.

நடந்து பார்ப்பது

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, பெரிய மழைக்கு மறுநாள் கட்டாயம், வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை. உச்சியில் நடந்து போய், வெளியடிவாரம் வழியாகத் திரும்பி வர வேண்டும். உச்சியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருவது பார்த்த கணக்கில் சேராது. அடிவாரத்தில் முள் மண்டியிருந்தால் முதலில் அதை வெட்டுங்கள்.

கசியாத மண்கரை கிடையாது. 1955-ல் முடிந்த பவானிசாகர் போன்ற பெரிய மண் அணையாக இருந்தாலும் கசியத்தான் செய்யும். பார்க்க வேண்டியது அளவையும் நிறத்தையும். கசிவு வரும் இடத்தில் சின்னக் குழாயை வைத்து ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று எழுதி, பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். குட்டையில் தண்ணீர் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி வைத்துப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். வெயிலில் சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தாலும், கோரை முளைத்தாலும் அங்கே ஈரம் இருக்கிறது.

கசிவை வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைப்பது பெரிய தப்பு. உள்ளே தேங்கிய தண்ணீர் இன்னோர் இடத்தைப் பிளந்துகொண்டு வரும். அதன்மேல் முதலில் மணல், அதற்குமேல் சின்ன ஜல்லி, அதற்குமேல் பெரிய ஜல்லி, கடைசியில் கல். தண்ணீரை விட்டு, மண்ணைப் பிடிக்க வேண்டும்.

விரிசலில் நீளவாக்கில் போவதைவிடக் கரைக்குக் குறுக்கே போவது ஆபத்து, அது உள்ளிருந்து வெளியே நேர் வழி. பல வருஷம் காய்ந்து கிடந்த கரையில் இது சகஜம். வெள்ளகோவில் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணை நீண்ட காலம் வறண்டே கிடந்ததை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் குட்டையும் நாலைந்து வருஷம் தண்ணீர் பார்க்காமல் இருந்தால் புரட்டாசிக்குள் விரிசலைத் தேடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, வெள்ளை போன ஆழம் வரை வெட்டி, ஈரமண் போட்டு இடித்து மூடுங்கள். மேலாக மண்ணைத் தள்ளி மறைத்தால் விரிசல் அப்படியே இருக்கும்.

உச்சி மட்டத்தை வருஷத்துக்கு ஒருமுறை கொத்தனார் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கரையில் அரை அடி தாழ்வு இருக்கும். வெள்ளம் ஏறினால் முதலில் அங்கேதான் வழியும்.

ராத்திரி போன் வந்தால்

கரையில் கலங்கல் தண்ணீர் பீறிடுகிறது, அல்லது உச்சிக்கு ஒரு சாண்தான் பாக்கி என்றால் முதல் போன் கீழே குடியிருப்பவர்களுக்கு. அவர்கள் எண்களை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி மோட்டார் ரூமில் ஒட்டி வையுங்கள். அடுத்தது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112. கீழே தரைப்பாலம் இருந்தால் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி வண்டியை மறியுங்கள்.

பிறகு தண்ணீரை இறக்குவது. கலிங்கில் வலை, மூட்டை, சருகு எதுவிருந்தாலும் எடுங்கள். ஓஸ், மோட்டார், டிராக்டர் பம்பு எல்லாம் போடலாம். இந்த நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு அடி என்ற கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். கலிங்கை ஆழப்படுத்த வேண்டியிருந்தால் கெட்டித்தரையில், மேட்டு ஓரத்தில் மட்டும் வெட்டுங்கள். பதற்றத்தில் கரையையே வெட்டிவிட்டால் அடைக்க முடியாது. தண்ணீர்ப் பக்கம் சுழி தெரிந்தால் அங்கே வைக்கோல், தார்ப்பாலின், மண்மூட்டை போட்டு வாயை அடைக்கலாம். வெளிப்பக்கம் ஜல்லி வடிகட்டி. இதெல்லாம் கரையில் நிற்க முடிகிற வரைக்கும்தான். உச்சியில் குழி விழ ஆரம்பித்தால், சரிவு இறங்க ஆரம்பித்தால், எல்லோரையும் மேட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள். ஜேசிபியைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஒருத்தரும் இறங்க வேண்டாம்.

வைத்துக் காக்க முடியாத கரை

அப்பா காலத்தில் போட்டது, பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும், தோட்டம் குத்தகைக்கு. கரையைப் பார்க்க ஆளில்லை. இப்படி நிறைய இருக்கிறது. அந்தக் கரையை எடுத்துவிடுவதுதான் சரி, அதில் அவமானம் ஒன்றுமில்லை. குட்டை காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்யுங்கள். பள்ளத்தின் பழைய அடித்தரை வரை வெட்ட வேண்டும், பாதி உயரத்தில் நிறுத்தினால் மிச்சமிருப்பது இன்னொரு குட்டை. அடி அகலம் பள்ளத்தின் இயற்கையான அகலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு அடி உயரத்துக்கு இரண்டடி என்று சரித்துவிடுங்கள். வெட்டிய மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளாமல் மேட்டுக்கு ஏற்றுங்கள். உள்ளே படிந்த வண்டலைக் காட்டுக்கு அடித்துக்கொள்ளலாம், தென்னைக்கு நல்ல உரம். கிணற்று ஊற்று குறைந்துவிடும் என்று கவலையாக இருந்தால், வெட்டிய இடத்தில் இரண்டரை அடிக்கு மிகாமல் கருங்கல்லில் ஒரு தடுப்பு வையுங்கள். வெள்ளம் அதன்மேல் ஏறி வழிந்து போகலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.